பத்து மணி விலை

முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு முதன்முதலாக நன்றி சொன்னது தக்காளிக்காக. புனேயின் போபோடியில் வடாபாவ் கடைக்குப் பின்சந்தில், பிளைவுட் தடுப்பு போட்ட சைபர் கஃபேயில் உட்கார்ந்து அதைப் படித்தேன். ‘இன்றைக்கு உங்கள் பாவைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு போன் செய்தேன், தாங்க்யூ’ என்று ஆங்கில எழுத்தில் மராட்டி. பாவ் என்றால் இங்கே விலை. அந்த ஒரு வரியை ஏழெட்டுத் தடவை படித்திருப்பேன். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் எட்டிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்தும் விட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. விவசாய வணிகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஏப்ரல் கடைசியில் ரிட்டையர் ஆனார். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு எனக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“இத பாரு கண்ணு. கோர்ட்டர்ஸ் ஜூன் வரிக்கும்தான். உனுக்கு இங்க ஒரு வேல கெடச்சா போபோடில ஒரு ரூம் பாத்துகினு இருப்போம். இல்லியா, மூணு பேருக்கும் டிக்கெட்டு எடுத்துடுவேன். பென்ஷன வச்சிகினு இந்த ஊர்ல வாடக குடுக்க முடியாது.”

டிக்கெட் எங்கள் சொந்த ஊரான குடியாத்தம் பக்கத்துக்கு. சொந்த ஊர் என்று அப்பா சொல்லுவார், எனக்கு அது பரீட்சை லீவில் போய்க் கொசுக்கடி வாங்கி வந்த ஊர். பிறந்தது, விழுந்து பல் உடைத்தது, பானிபூரிக்காரனிடம் சண்டை போட்டது எல்லாம் கட்கியில். மராட்டியில் எப்பேர்ப்பட்ட ஆளையும் வாயடைக்க வைப்பேன். தமிழில் அப்போது ஒரு லீவ் லெட்டர் எழுதச் சொன்னால் முழித்திருப்பேன், எழுதப் பழகியதெல்லாம் பிறகுதான். அங்கே போய் நான் என்ன செய்வது? அப்பாவோ, நான் கேட்கக் கேட்க, பெரிய இரும்பு டிரங்குப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, பாத்திரங்களை அடுக்கி, தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஹாலின் நடுவில் வைத்துவிட்டார். அதைச் சுற்றிச் சுற்றித்தான் நாங்கள் சாப்பிடவும் தூங்கவும் வேண்டியிருந்தது.

வேலைக்கு யாரைப் பிடிப்பது? சிபாரிசுக்கு ஒரு ஆள் கிடையாது. அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் லேத் மெஷின்காரர்கள்.

அந்த நேரத்தில்தான் என் வகுப்புத் தோழி அதைச் சொன்னாள். சாத்தாரா பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருந்தாள். அன்றைக்கு எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் இணையத்தில் ஒரு நட்புத் தளத்தில் குடியிருந்தோம். போட்டோ போடுவது, யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று வேவு பார்ப்பது, இதுதான் பிழைப்பு. தோழி கேட்டாள்: “மகாராஷ்டிரா முழுக்க இருக்கற விவசாயக் காலேஜ் பசங்க இங்கதான் கெடக்கறாங்க. பாதிப் பேரு வீட்டுல தோட்டம் இருக்கு. தினம் மார்க்கெட் பாவ் போட்டா என்ன?”

அடேயப்பா, எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை! மறுநாளே தளத்தில் ஒரு குழு தொடங்கினோம். அதற்குப் படமாக ஒரு தக்காளி வைத்தோம். அவள் ஹாஸ்டல் கேட் ஏழு மணிக்குத்தான் திறக்கும். அதனால் மார்க்கெட்டுக்குப் போகும் வேலை என்னுடையது.

விடிவதற்கு முன் முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்வார்கேட், அங்கிருந்து நடை. மார்க்கெட் யார்டில் லாரி விளக்குகளும் கொத்தமல்லி வாசமும் மூட்டை தூக்கும் ஹமாலிகளின் ‘ஓரம், ஓரம்’ சத்தமுமாக ஒரு ஊரே விழித்திருக்கும். எனக்கு உள்ளங்கால் வரை ஜிவ்வென்று ஏறும். ஒரு தக்காளி மண்டிக்காரர் எனக்குப் பழக்கமானார். விவசாயிகள் அனுப்பும் சரக்கை விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுக்கிற ஆள், எந்நேரமும் வாயில் பான். என்னைப் பெயர் கேட்டதே இல்லை, ‘போரி’தான். மராட்டியில் பெண்ணே என்று அர்த்தம்.

“போரி, நீ வந்து நின்னா அன்னிக்கு சரக்கு தங்கறதில்ல. முதல் கிரேட்டு உன் முன்னாலதான் போகணும்” என்பார்.

நானும் பெருமையாக நிற்பேன். முதல் கிரேட், அதாவது முதல் பிளாஸ்டிக் கூடைத் தக்காளி, விலைபோகும். அவர் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் அந்த விலையை உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொண்டு, பக்கத்து வெண்டைக்காய், கத்திரிக்காய் மண்டிகளிலும் அதே வேகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு ஓடுவேன். எட்டு மணிக்கு சைபர் கஃபே, ஒன்பதுக்கு வகுப்பு. கையைக் கழுவாமல் வருகிறாள் என்று வகுப்பில் கேலி, தோழி அதைக் குழுவிலும் எழுதிவிட்டாள். போகட்டுமே!

சேர்ந்தார்கள் பாருங்கள், பிள்ளையார் சதுர்த்திக்குக் கூட்டம் சேருகிற மாதிரி! முதலில் எங்கள் வகுப்பு. பிறகு ராகுரி, அகோலா, தாபோலி என்று மற்ற விவசாயக் கல்லூரிகள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாணவர் வந்து அங்கத்துத் தக்காளி விலையைப் போட்டார். கோலாரிலிருந்து ஒருவர் ‘எங்களுக்கு மழை, வரத்து குறையும்’ என்று எழுதினார். விதைக் கம்பெனியிலும் உரக் கம்பெனியிலும் வேலை பார்க்கும் சீனியர்கள் எட்டிப் பார்த்தார்கள். ‘எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு இரண்டு பேர் வேண்டும்’ என்று ஒருவர் போட, எங்கள் வகுப்பிலேயே ஒருத்திக்கு அது கிடைத்தது. லேத் மெஷின்காரர் மகளுக்கு எத்தனை ஊரில் ஆள் தெரியும் இப்போது!

ஜுன்னர் பக்கத்திலிருந்து ஒரு ஆள் தினமும் வருவார். முகத்துக்குப் பதில் ஒரு டிராக்டர் படம். அஞ்சல் வழியில் படிக்கிறார் என்று மட்டும் தெரியும். முதல் நன்றியைச் சொன்னதும் அந்த டிராக்டர்தான். ‘டிராக்டர் உனக்கு ரூட்டு விடறான்’ என்று தோழி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மே மாத நடுவில் அந்தச் செய்தி வந்தது. விமான் நகரில் புதிதாக அலுவலகம் போட்டிருந்த ஒரு காய்கறிக் கம்பெனி, புனேயில் வரிசையாகக் கடைகள் திறக்கப் போகிறார்கள். அவர்களின் கொள்முதல் அதிகாரி எழுதியிருந்தார்: ‘இந்தக் குழுவை நடத்துபவர் யார்? சனிக்கிழமை நேரில் வரவும், எங்களுக்குக் கொள்முதலில் ஆள் தேவை.’

நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். நிஜமாகவே குதித்தேன், கஃபேக்காரர் ‘கீபோர்டு, கீபோர்டு’ என்று கத்தினார். ஓடிப்போய் வீட்டில் சொன்னேன். அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“மூஞ்சி தெரியாதவன் கூப்ட்டா போயிடுவியா? நீ போடுற வெலைய எவன் பாக்குறான், எதுக்குப் பாக்குறான், உனுக்கு இன்னா தெரியும்?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “முப்பது வருஷமா நீ செஞ்சு அனுப்பன சாமான எவன் வச்சிருக்கான்னு உனுக்கு மட்டும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை கல்லூரி இல்லை. காலையில் தண்ணீர் வரவில்லை, வந்ததும் பிடித்து வைத்துவிட்டுப் போ என்றாள் அம்மா. அதற்குள் பல பஸ் போய்விட்டது. ஏறிய பஸ்ஸும் சிவாஜிநகரில் நின்றுவிட்டது. மார்க்கெட்டில் கால் வைத்தபோது மணி பத்து. மண்டிக்காரர் விலை கூவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததும் நம்பமுடியாமல் நின்றேன். நான் தினமும் போடுகிற விலையைப்போல் ஒன்றரை மடங்கு!

“என்ன, இன்னிக்கு பாவ் இப்படி ஏறிடுச்சு?” என்றேன்.

“ஏறல போரி. ஒரு மாசமா பத்து மணிக்கு இதான் போகுது.”

“தினம் காலைல வேற வெலைக்கு விக்கறீங்களே!”

அவர் பானைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “அது போணிடீ! முதல் கிரேட்ட எவ்வளவுக்குக் கேட்டாலும் இல்லன்னு சொல்லாம குடுத்துடறது எங்கப்பா காலத்து வழக்கம். முதல்ல வர்ற ஆள வெறுங்கையா அனுப்பினா அன்னிக்கு யாவாரம் ஆகாது. ஒரு கிரேட்டுதான் அந்த பாவ். இந்தப் பக்கத்து மண்டி எல்லாத்துலயும் அப்படித்தான்.” பிறகு சிரிப்பு நின்றது. “அதையா நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கே?”

தலையில் இடி விழுந்தது. பிறந்ததிலிருந்து எத்தனை கடையில் ‘போணி நேரம், திருப்பி அனுப்பாதீங்க’ என்று கேட்டிருப்பேன்! விலை நிர்ணயம் என்று ஒரு முழுப் பாடம் படித்து நல்ல மார்க்கில் பாஸ் செய்தவள் வேறு. தினம் போணிக்கு முன்னால் நின்று, போணியைத் தொட்டுப் பார்த்து, அதையே சந்தை விலை என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன். என்னைப்போல முட்டாள் புனேயில் இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள்.

கஃபேக்கு ஓடினேன். டிராக்டரின் செய்தி காத்துக்கொண்டிருந்தது: ‘இன்றைய பாவ் எங்கே? நாளைக் காலை வாங்குபவர் தோட்டத்துக்கே வருகிறார். உங்கள் பாவைக் காட்டித்தான் பேசுகிறார். இந்தப் பறிப்பு முழுவதையும் கொடுத்துவிடலாமா?’

தோழிக்கு போன் செய்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “சனிக்கிழமை முடியட்டும். அப்புறம் திருத்திக்கலாம். ரெண்டே நாள்தானே? இப்ப போட்டா அந்தக் கம்பெனிக்காரரும் பாப்பாரு. உன் வீடு என்ன ஆகும், யோசிச்சியா?”

யோசிக்காமல் இருப்பேனா? ஹாலின் நடுவில் இருந்த பெட்டி கண்முன்னே வந்து நின்றது. ஆனால் நாளைக் காலை ஒரு தோட்டத்தில் ஒருவர் என் விலையைக் காட்டி, என்னால், ஒரு பறிப்புத் தக்காளியை அள்ளிக்கொண்டு போகப்போகிறார். “சனிக்கிழமைக்குள்ள அவங்க தக்காளி போயிடும்டீ” என்று சொல்லி போனை வைத்தேன்.

எழுதினேன். ‘இத்தனை நாள் நான் போட்டது போணி விலை. முதல் ஒரு கிரேட்டின் விலை. சந்தை விலை அல்ல. இன்று பத்து மணி விலை இது. தப்பு என்னுடையது, தோழிக்கு இதில் பங்கில்லை. நாளைக்கு யாரும் பழைய விலையை நம்பி விற்காதீர்கள்.’ பொத்தானை அழுத்தினேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘படித்த முட்டாள்’ என்றார் ஒருவர். ‘எங்கள் வெண்டைக்காய்க்கு யார் பதில் சொல்வது?’ என்றார் இன்னொருவர். பலர் குழுவை விட்டே போனார்கள். கோயம்புத்தூர்க்காரர் மட்டும், தான் போட்ட விலையும் எந்த நேரத்து விலை என்று பார்க்கவேண்டும் என்று எழுதினார். டிராக்டரிடமிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை.

சனிக்கிழமை அம்மாவின் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு விமான் நகர் போனேன். கண்ணாடிக் கட்டடம், குளுகுளு ஏசி. அதிகாரியின் மேஜையில் நான் போட்ட விலைகளெல்லாம் அச்செடுத்து அடுக்கியிருந்தன. பார்த்ததும் மனசு துள்ளியது. எவ்வளவு மதிக்கிறார்கள்!

“எங்க ஆளுங்க தோட்டம் தோட்டமா இதத்தான் கைல எடுத்துட்டுப் போறாங்க. ரொம்ப உபயோகம்” என்றார். பிறகு கடைசித் தாளைத் தட்டினார். “வியாழக்கிழமை இத எதுக்கும்மா போட்டீங்க? சின்ன வித்தியாசம்தானே, அதப் போயி விளம்பரம் பண்ணணுமா?”

டிராக்டர் சொன்ன ஆள் கையில் இருந்தது இந்தத் தாளாகவே இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கிருந்து வந்ததோ கோபம், புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

“சார், போணி வெலைக்கு ஒரு கிரேட்டுதான் குடுப்பாங்க. நீங்க லாரி லாரியா கேக்கறீங்க!”

அவர் தாள்களை ஒழுங்குபடுத்தினார். “சொல்லி அனுப்பறோம்” என்றார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அப்பா திட்டவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. “திங்கக்கெழம போயி டிக்கெட்டு எடுத்தாறேன்” என்று மட்டும் சொன்னார். நான் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிறு மதியம் என் செல்போன் அடித்தது. என் நம்பரைத் தளத்தில் என் பக்கத்திலேயே போட்டு வைத்திருந்தேன். ஒரு பெண் குரல், மராட்டியில்: “நான் டிராக்டர் பேசறேன்.”

“யாரு?”

“டிராக்டர் படம்! நான்தான் அது. வியாழக்கிழமை கம்ப்யூட்டர் கடைல உன் பத்து மணி பாவ பாத்ததுமே கரண்ட் போயிடுச்சு, மூணு நாளா வரல, அதான் பதில் போடல.”

அவன் அவன் என்று நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த ஆள், இரண்டு பிள்ளைகளின் அம்மா. பெண் என்று தெரிந்தால் கண்டவனும் எழுதுவான் என்று டிராக்டரை மாட்டியிருக்கிறார்! வெள்ளிக்கிழமை காலை வந்தவரிடம் என் பத்து மணி விலையைச் சொல்லியிருக்கிறார். வந்தவர் விலையை ஏற்றவில்லை, இவர் சரக்கைக் கொடுக்காமல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவரும் சுற்றுவட்டாரத்து வீடுகளும் சேர்ந்து இனி நேராக புனேக்கே அனுப்புவதாக முடிவு செய்திருந்தார்கள்.

“எங்க ஆளா அங்க ஒருத்தர் நிக்கணும். சம்பளம் பெருசா இருக்காது, ஆனா மாசாமாசம் வரும். ஒண்ணுதான் கேள்வி. பத்து மணி வரைக்கும் நிப்பியா?”

“ராத்திரி வரைக்கும்கூட நிப்பேன் அக்கா!” என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா நம்பவில்லை. “மொதல்ல டிராக்டர்ன்ற, அப்புறம் பொம்பளன்ற. சரக்கு வந்து நிக்கட்டும், அப்பால பாக்கலாம்.” ஆனால் திங்கட்கிழமை அவர் டிக்கெட் எடுக்கப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை விடியலில், சரக்கு வரவேண்டிய நாளில், செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு முதல் பஸ்ஸில் ஏறினார்.

முதல்நாளே நான் கேட்டு வைத்திருந்தபடி மண்டிக்காரர் தன் கடை ஓரத்தில் எங்கள் சரக்குக்கு இடம் விட்டிருந்தார். “போரி, உங்க சரக்குக்குப் போணி நீயே பண்ணு” என்றார். லாரியைக் காணோம். மற்ற மண்டிகளில் போணி முடிந்துவிட்டது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார். கடைசியில் ஒரு டெம்போ பின்பக்கமாக நகர்ந்து வந்தது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து, புடவையை மராட்டிக் கட்டாகக் கட்டிய ஒரு பெண் குதித்து இறங்கி, நேராக வந்து என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பேனா மை இருந்தது. “இவதான்!” என்று சிரித்தார்.

கிரேட்டுகள் இறங்கின. முதல் ஆளாக யார் வருவார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூணோரத்திலிருந்து அப்பா வந்தார். கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர். மொத்தச் சந்தையில் கிலோ கணக்கெல்லாம் கிடையாது, ஒரு முழு கிரேட் எடுத்தாக வேண்டும்.

“இன்னா பாவு?” என்றார், முன்பின் தெரியாத வியாபாரியைக் கேட்பதுபோல.

“போணி நயினா. நீ எவ்ளோ கேட்டாலும் குடுக்கணும்.”

“போணி வெல எனுக்கு வோணாம். நேத்து பத்து மணிக்கி இன்னா போச்சோ, அத்த போடு.”

எண்ணிக் கொடுத்தார். நான் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது சரியாகவே தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. அப்பா கிரேட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, ‘ஓரம், ஓரம்’ என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

பதினொரு மணிக்கு அன்றைய பத்து மணி விலையைக் குழுவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வெளியிலேயே அம்மாவின் குரல் கேட்டது.

“மூணு பேருக்கு ஒரு கிரேட்டு தக்காளியா? பைத்தியமா புடிச்சிருக்கு உனுக்கு? தொக்கு கிண்டலாம்னா பெரிய குண்டான் எங்க? அதையுந்தான் பொட்டில போட்டுக் கட்டி வச்சிட்டியே!”

அப்பா அடுக்களைக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்தார். ஒரு மாதமாக நாங்கள் சுற்றிச் சுற்றி நடந்த அந்தப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை, நாலு பக்கமும் அறுத்தே போட்டார். அம்மா குண்டானைப் பிடுங்கிக்கொண்டு சொன்னாள்:

“இம்மாந் தக்காளியும் தின்னு தீக்காம இந்த ஊர உட்டு ஒருத்தரும் நவரக் கூடாது, சொல்ட்டேன்.”